இலையோரத்தில் அரை அப்பளம்

வெள்ளவத்தை, கொழும்பு
1936 அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு விஜயம் அநேக நமஸ்காரம்.

நாங்கள் இருவரும் சௌக்கியமாகக் கொழும்பு வந்து சேர்ந்தோம். அம்மாவின் முழங்கால் வலி, அத்திம்பேரின் ஜலதோஷம், என்னைக் கடல் தாண்டி அனுப்பியதில் உனக்கு இருந்த கோபம், மூன்றும் இதற்குள் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறினதிலிருந்து இறங்கும்வரை நான் தலையைத் தூக்கவில்லை. உங்கள் மாப்பிள்ளை ஓர் எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பேசினால் வரி போடுவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்துக் குடித்தனம் வைக்க வந்திருக்கிறோம். இன்னும் என்னை "நீ" என்று கூப்பிடுவதா "நீங்கள்" என்று கூப்பிடுவதா என்றே அவர் முடிவு செய்யவில்லை.

வீடு சின்னது. ஒரு அறை, சமையலறை, பின்னால் ஒரு கொல்லை. கடல் சத்தம் கேட்கிறது. பக்கத்து வீட்டு ஆடு ஒன்று எந்நேரமும் நம் கொல்லையில்தான் இருக்கிறது. வாழையிலை இங்கேயும் கிடைக்கிறது, அதனால் எனக்குப் பாதி ஊர் கிடைத்த மாதிரி.

மூன்று வருஷம் கிளப் சாப்பாடு சாப்பிட்டு நாக்கு செத்துப்போய்விட்டது என்று அவர் அத்திம்பேரிடம் சொன்னாராமே. அந்த நாக்குக்கு உயிர் கொடுக்கத்தான் வந்திருக்கிறேன். மாமியார் இல்லாத வீடு, கொடுத்துவைத்தவள் என்று தெருவே சொல்லி அனுப்பியது. ஆனால் இந்த வீட்டு வழக்கம் என்ன என்று கேட்கத்தான் ஆளில்லை.

அம்மாவைக் கட்டிக்கொண்டதாகச் சொல்.

உன் விஜயம்


கோட்டைக்ககம், திருவனந்தபுரம்
1936 அக்டோபர் 19

சௌபாக்கியவதி விஜயத்துக்கு அக்கா அனந்தலக்ஷ்மியின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் க்ஷேமம். அம்மாவின் முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்குக் குறைகிறது. உன் கடிதம் வந்த அன்று வெயிலே இல்லாமல் குறைந்தது. என் கோபம் தணியவில்லை, அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை பேசாவிட்டால் என்ன? பேசுகிற ஆண்பிள்ளைகளோடு குடித்தனம் நடத்திப் பார், அப்போது தெரியும். உன் அத்திம்பேர் ஹஜூர் கச்சேரி உத்தியோகத்தில் நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, அந்தப் பாக்கியை எல்லாம் இங்கே வந்துதான் தீர்க்கிறார். வழக்கம் தெரியாவிட்டால் அவரையே கேள். வாயிருந்தால்தானே வழி?

தெரிந்தவர் ஒருவர் தூத்துக்குடி வழியாக வருகிறார். அவரிடம் வறுத்த நேந்திரங்காய் உப்பேரியும், மாப்பிள்ளைக்குச் சொந்த ஊராயிற்றே என்று கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டும் கொடுத்தனுப்புகிறேன். மாப்பிள்ளைக்குக் கொடுக்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் நீயே தின்றுவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


வெள்ளவத்தை
1936 நவம்பர் 9

அக்காவுக்கு விஜயம் நமஸ்காரம்.

நாங்கள் சௌக்கியம். அம்மாவுக்கு வெயில் அடிக்கிறதா? அப்பளமும் உப்பேரியும் முழுசாக வந்து சேர்ந்தன.

அவர் காலை எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தேயிலைக் கம்பெனி ஆபீசுக்குப் போகிறார். இரவு ஏழு மணிக்கு மறுபடியும் சாப்பாடு. நான் அடுக்களைக்கும் இலைக்குமாக ஓடிக்கொண்டிருப்பேன். நன்றாக இருக்கிறது என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. கைகழுவிவிட்டு என்னை ஒரு தடவை பார்ப்பார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் நிற்பேன். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவருக்கு என் சமையல் அவ்வளவாக இறங்கவில்லையோ என்று தோன்றுகிறது. எரிசேரியில் தேங்காயை வறுத்துப் போடுவதில் நான் ஏதோ பிசகுகிறேன். நீ எப்படிச் செய்கிறாய் என்று விவரமாக எழுது. வாழைக்காய் வறுவலுக்கும் எழுது. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு மட்டும் என் கைமணம் ரொம்பப் பிடித்திருக்கிறது. வந்த அன்று எலும்பும் தோலுமாக இருந்தது, இப்போது அதன் சொந்தக்காரரே அடையாளம் தெரியாமல் பார்க்கிறார்.

அத்திம்பேருக்கு நமஸ்காரம்.

விஜயம்


கோட்டைக்ககம்
1936 நவம்பர் 27

விஜயத்துக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம், நீங்கள் இருவரும் அப்படியே இருக்கவேண்டும்.

ஊரே திமிலோகப்படுகிறது. எல்லா ஜாதியாரும் கோவிலுக்குள் வந்து தொழலாம் என்று மகாராஜாவின் விளம்பரம் வந்துவிட்டது. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். நான் பயந்துகொண்டே அம்மாவிடம் சொன்னேன். "கோவில்ல பள்ளிகொண்டவரே எழுந்து போகலை. எனக்கென்னடி வந்தது? நான் பாட்டுக்குக் கால்வலியோட படுத்துண்டிருக்கேன், கேட்டியோ" என்று சொல்லிவிட்டாள்.

எரிசேரிக்குத் தேங்காயைப் பொன்னாக வறு, கருக்காதே. சேனைக்கு முக்கால் வேக்காட்டில் உப்புப் போடு. வாழைக்காயை எண்ணெயில் போட்டுவிட்டு வாசலைப் பார்க்கப் போகாதே. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. சமையலில் பாதி கை, பாதி தைரியம். புதுக் குடித்தனத்தில் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. நான் முதல் மாசம் வைத்த ரசத்தைப் பற்றி உன் அத்திம்பேர் இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்கிறார்.

சாப்பிட்டுத் தெம்பாக இரு.

அக்கா


வெள்ளவத்தை
1937 ஜனவரி 22

அக்காவுக்கு நமஸ்காரம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுது.

நீ சொன்னபடியே செய்தேன். இப்போது மூன்று கறி வைப்பதில்லை, ஒன்றுதான் வைக்கிறேன். அதுவே போதும் போலிருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும், சிரிக்கக் கூடாது. அத்திம்பேர் சாப்பிட்டு எழுந்த பிறகு இலையில் ஏதாவது மீதி இருக்குமா?

அம்மாவுக்குத் தைலம் தேய்த்து விடுகிறாயா?

விஜயம்


கோட்டைக்ககம்
1937 பிப்ரவரி 4

விஜயத்துக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். தைலம் தினமும் தேய்க்கிறேன்.

சிரிக்கக் கூடாது என்று எழுதினால் எப்படிச் சிரிக்காமல் இருப்பது? உன் அத்திம்பேர் இலையிலா மீதி! நீதான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாயே. கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். அந்த இலையைத் திரும்பவும் விற்றுவிடலாம் என்று அம்மா சொல்வாள். கருவேப்பிலையைக் கூட மிச்சம் வைக்கமாட்டார். ருசியாகச் சமைத்தால் இலை காலியாகும், உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, இதில் என்ன சந்தேகம்?

ஏன் ஒற்றைக் கறியோடு நிறுத்திவிட்டாய்? உன் கடிதமும் அதைப் போலவே சுருங்கியிருக்கிறது. விவரமாக எழுது.

அக்கா


கொழும்பு
1937 மார்ச் 30

மகா கனம் பொருந்திய ஷட்டகர் பஞ்சாபகேசன் அண்ணா அவர்களுக்கு சேஷன் நமஸ்காரம். தாங்களும் மன்னியும் மற்றவர்களும் சௌக்கியமாக இருக்க ஈசுவரனை வேண்டுகிறேன்.

தங்களிடம் ஒரு யோசனை கேட்கவேண்டியிருக்கிறது. விஜயத்துக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். நானும் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று சந்தேகம். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சில காரியங்களைப் பார்த்தால் தெரிகிறதல்லவா? அவளை வற்புறுத்தி வைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. மே மாதம் முதல் வாரம் லீவு எடுத்து அவளைத் திருவனந்தபுரத்தில் கொண்டுவந்து விட்டுவிடலாமா? அம்மா அவர்களுக்குத் துணையாக இருக்கட்டும். அப்புறம் அவள் இஷ்டம்.

அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இதை மன்னியிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

தங்கள் விதேயன்
சேஷன்


கோட்டைக்ககம்
1937 ஏப்ரல் 9

விஜயத்துக்கு ஆசீர்வாதம். சுகம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமையில்லை.

உன் அகமுடையான் எழுதிய கடிதத்தை உன் அத்திம்பேர் என்னிடம் காட்டினார். என்னடி நடந்தது? அடித்தாரா? வேறு ஏதாவது பழக்கமா? குறையில்லை என்று எழுதுகிற மனுஷர் ஏன் கொண்டுவந்து விடுகிறார்? ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது சரியாகப் போயிற்று. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு தடவை வாழாவெட்டி என்று தெருவில் பேர் வந்துவிட்டால் பிறகு எந்த ஆற்றில் முழுகினாலும் போகாது, கேட்டியோ.

நீ வந்தால் இந்த வீட்டில் உனக்கு இடமுண்டு, சோறுண்டு. அதில் சந்தேகப்படாதே. ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டு வா. பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். உடனே பதில் போடு.

அக்கா


வெள்ளவத்தை
1937 ஏப்ரல் 20

அக்காவுக்கு நமஸ்காரம். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. "உனக்கு இங்கே பிடிக்கலைன்னா ஊருக்குப் போகலாம்" என்றார். அவருக்குத்தான் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் சரி என்றேன். மே நான்காம் தேதி தம்பானூர் ஸ்டேஷனுக்கு வருவோம். மற்றதை நேரில் சொல்கிறேன்.

இத்தனை மாசம் இலங்கையில் இருந்துவிட்டு ஒன்றும் பார்க்காமல் போகக் கூடாதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, சித்ரா பௌர்ணமி அன்று, கண்டிக்கு அழைத்துப் போகிறார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெம்பில்லை.

விஜயம்


கொழும்பு
1937 ஏப்ரல் 26

ஷட்டகர் அண்ணாவுக்கு நமஸ்காரம். சௌக்கியம். நாங்கள் ஊருக்கு வரவில்லை. ஸ்டேஷனுக்கு வண்டி சொல்ல வேண்டாம். காரணம் விஜயம் எழுதுவாள், எனக்குச் சரியாக எழுத வராது. தோதுப்பட்டால் கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஆறு கட்டு அனுப்பவும்.

சேஷன்


வெள்ளவத்தை
1937 ஏப்ரல் 27

என் அக்காவுக்கு விஜயம் ஆயிரம் நமஸ்காரம்.

நான் நன்றாக இருக்கிறேன். இத்தனை நாள் எழுதினதெல்லாம் பழக்கத்துக்கு எழுதினது, இது நிஜம். நீ முதலில் உட்கார்ந்துகொள். அம்மா தூங்கும்போது படி.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ரயிலில் கண்டிக்குப் போனோம். மலையேறுகிற வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கத்தை எனக்குக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். பேராதனைத் தோட்டத்தில் இறங்கி மூங்கில் புதர்களைப் பார்த்தோம். ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் நின்று அதன் பெயர்ப்பலகையைப் படித்தார். எனக்காகத்தான் சத்தமாகப் படித்தார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, என்னோடு பேச விருப்பமில்லாமல் மரத்தோடு பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டி டவுனுக்கு வந்தபோது மணி பதினொன்றரை. அங்கே பாலக்காட்டுக்காரர் ஒருவருடைய பிராமணாள் கிளப் உண்டு, அதை நம்பித்தான் கட்டுச்சாதம் கொண்டுபோகவில்லை. போய்ப் பார்த்தால் பூட்டியிருக்கிறது. எனக்கு முந்தின நாள் இரவிலிருந்தே சாப்பாடு இறங்கவில்லை, தலை சுற்றியது. அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை ஓரமாக ஒரு சிங்களத்தியின் சோற்றுக்கடை இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வாயோ, உன் சாமர்த்தியம்.

கடையில் வெள்ளைச் சீலை கட்டிய பெண்கள் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பௌர்ணமி விரதக்காரர்கள், நண்பகலுக்குள் சாப்பிட்டுவிட வேண்டுமாம். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரி உடைந்த தமிழில் சொன்னாள். "இன்டைக்குப் போயா நாள். மீன் இல்ல, மாசிக் கருவாடும் இல்ல. சட்டி எல்லாம் புதுசு. பயமில்லாம சாப்புடுங்க." அடுப்பிலிருந்து தேங்காய்ப்பால் வாசனை வந்தது. நம் ஊர் அடுக்களையில் நிற்கிற மாதிரி இருந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் ஒரு சாப்பாடு சொன்னார். நான் பக்கத்துப் பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்தேன். வீட்டில் எப்படியோ அப்படித்தானே? அவர் சாப்பிட்டு முடித்த பிறகு நான். அதில் எங்களுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. பீங்கான் தட்டில் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பிஞ்சுப் பலாக்காய்க் கூட்டான், வல்லாரைத் துவையல், மேலே ஒரு பப்படம் கொண்டுவந்து வைத்தாள்.

வீட்டில் நான் பரிமாறிக்கொண்டு ஓடுவேன். இங்கே எனக்கு வேலையில்லை. குடித்தனம் வந்து ஆறேழு மாசத்தில் முதல் தடவையாக அவர் சாப்பிடுவதைச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன், அக்கா.

தட்டைச் சுற்றித் தண்ணீர் விட்டுப் பரிசேஷணம் செய்தார். பிறகு சோற்றைத் தொடுவதற்கு முன்னால், பலாக்காயில் நல்ல துண்டாக இரண்டைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தார். பப்படத்தை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை அதன்மேல் சாய்த்து வைத்தார். அப்புறம்தான் சாப்பிட ஆரம்பித்தார். அந்த ஓரத்துப் பக்கம் கையே போகவில்லை, குழம்புகூட அங்கே ஓடாமல் சோற்றால் அணை கட்டினார்.

இதே ஓரம்தான், அக்கா. தினமும் வீட்டில் இலையோரத்தில் இதே மாதிரிதான் இருக்கும். வறுவலில் நாலு துண்டு, அரை அப்பளம், பாயசம் வைத்தால் அதில் ஒரு கரண்டி. பிடிக்காமல் ஒதுக்கிவிட்டார் என்று நான் இலையோடு சுருட்டி ஆட்டுக்குப் போட்டுவிட்டு, அடுக்களையில் வேறு இலை போட்டு அழுதுகொண்டே சாப்பிடுவேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதைத்தான் சுற்றி வளைத்து, அத்திம்பேர் இலையில் மீதி இருக்குமா என்று கேட்டேன். நீயும் உப்பில்லாப் பண்டம் என்று எழுதிவிட்டாய். ஆனால் பிடிக்காததை யாராவது சாப்பிட உட்கார்ந்ததும் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வைப்பார்களா? அதுவும் பெரிய பாதியை?

நான் இப்படித் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போதே அவர் எழுந்து கைகழுவப் போனார். கடைக்காரி வந்து தட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். ஈரக்கையோடு ஒரே ஓட்டமாக ஓடி வந்தார். "ஐயோ, எடுக்காதீங்கோ! அது அவளுக்கு! அவளுக்கு வெச்சது!" என்று கத்திவிட்டார். விரதக்காரப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை.

கடைக்காரி அவருடைய கோட்டையும் தலைப்பாகையையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டில் இருந்த அரைப் பப்படத்தைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கு ஒரு பீங்கானா? அடப் பாவமே! காசு இல்லாட்டி என்ன, புள்ளைய பட்டினி போடலாமா?" என்று அவரை ஒரு அதட்டல் போட்டாள். என் கையைப் பிடித்து இழுத்து அவருக்கு எதிரே பெஞ்சில் உட்காரவைத்து, மலைபோலச் சோறு போட்ட இன்னொரு தட்டை என் முன்னால் வைத்தாள். ஓரத்தில் வைத்திருந்ததையும் எடுத்து அதன்மேல் போட்டாள். அவருக்கு ஒரு தேத்தண்ணீரும் கருப்பட்டித் துண்டும் கொடுத்து, குற்றவாளியைப் போல உட்காரவைத்தாள். கம்பெனி கிளார்க் தலையைக் குனிந்துகொண்டு கருப்பட்டியைக் கடித்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது அழுகையாகிவிட்டது. "இது எனக்கா வெச்சேள்? தினமும் எனக்கா?" என்று கேட்டேன்.

"பின்னே யாருக்கு?" என்றார். தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "எங்கப்பா உட்கார்ந்ததும் அம்மாவுக்குன்னு முதல்ல எடுத்து வெச்சுடுவார். அம்மா அதே இலையில உட்கார்ந்து அதைத்தான் முதல்ல சாப்பிடுவா. 'உங்கப்பாவுக்குப் பேசத் தெரியாது, இதான் அவர் பேச்சு'ம்பா. எனக்குப் பத்து வயசில அவ போயிட்டா. எனக்கும் பேச வராது. அதனால..."

"அதனால ஆட்டோட பேசிண்டிருந்தேள்."

"நான் வெச்சதையெல்லாம் நீ ஆட்டுக்குப் போட்டே. ஜன்னல் வழியாப் பார்த்துண்டேதான் இருந்தேன். நான் தொட்டதைச் சாப்பிடக்கூட உனக்கு இஷ்டமில்லைன்னு நினைச்சேன்."

"கேட்டிருக்கப்படாதா?"

"எப்படிக் கேக்கறது? என் இலையில ஏன் சாப்பிடலைன்னா?"

எனக்கு எப்படித் தெரியும், நீயே சொல். நம் அப்பா ஒரு நாளாவது வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டாரா? இரண்டு வேளையும் சர்க்கார் ஊட்டுப்புரையில் தர்மச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார். நாம் மூன்று பேரும் தனித்தனி இலை போட்டுச் சாப்பிட்டோம். பிறகு பார்த்தது அத்திம்பேருடைய கழுவித் துடைத்த இலையைத்தான். புருஷன் இலையில் மீதி இருந்தால் அது பெண்டாட்டிக்கு வைத்தது என்று எனக்குச் சொல்ல இந்த வீட்டில் மாமியாரும் இல்லை.

அந்தத் தட்டு முழுவதையும் சாப்பிட்டேன், அக்கா. பலாக்காய் இறைச்சி மாதிரி இருக்கும் என்று இங்கே சொல்வார்கள், எனக்கென்ன தெரியும், அமிர்தமாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீ இவ்வளவு வேகமாச் சாப்பிடுவியா?" என்று ஆச்சரியப்பட்டார். அவரும் நான் சாப்பிட்டு அன்றுதான் பார்க்கிறார். என் பப்படத்தில் பாதியை உடைத்து அவர் தேத்தண்ணீர்ப் பக்கத்தில் வைத்தேன். உடனே வாயில் போட்டுக்கொண்டார், ஆட்டுக்காக வைக்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில், "மே மாசம் லீவை என்ன பண்றது?" என்றார். "இன்னும் பார்க்காத மரமெல்லாம் பேராதனையில் இருக்கே" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் கோணலாக இருக்கிறது, இப்போதுதான் எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உங்கள் அம்மாவுக்கு அந்த வழக்கம் சரி, எனக்கு எச்சில் இலை வேண்டாம், எதிரே ஒரு இலை போட்டுக்கொண்டு உட்காருகிறேன், அங்கேயே எடுத்து வையுங்கள் என்றேன். நேற்றிலிருந்து அப்படித்தான் சாப்பிடுகிறோம். நடுநடுவே எழுந்து ரசம் கொண்டுவர வேண்டியிருக்கிறது, அதனால் என்ன? ஆடு ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு பார்க்கிறது. பாவமாக இருக்கிறது.

உனக்கு வீண் பயம் கொடுத்துவிட்டேன். அத்திம்பேருக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம்.

வயிறு நிறைந்த
விஜயம்


கோட்டைக்ககம்
1937 மே 8

என் அசட்டுத் தங்கை விஜயத்துக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெரிய மூச்சாக ஒன்று விட்டேன், அடுக்களையில் விளக்கு அணையாதது ஆச்சரியம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெண்ணெயை ஆட்டுக்குப் போட்டுவிட்டு அழுதவளை இப்போதுதான் பார்க்கிறேன். இலையோரத்து விஷயத்தை முதல் மாசமே ஒரு வரி எழுதியிருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேனா என்று உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் அதே அப்பாதானே.

உன் அத்திம்பேர் தன் ஷட்டகர் சேஷனுடைய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் குழம்பினார். "வரலைங்கறான், அப்பளம் கேக்கறான், என்னடி அர்த்தம்?" என்றார். பழவங்காடியில் தேங்காய் உடைத்தாகிவிட்டது. சிதறின தேங்காயைப் பொறுக்க வந்த கூட்டத்தில் என் புடவைத் தலைப்பு கிழிந்தது, அந்தக் கணக்கு உன் பேரில் இருக்கிறது.

அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. சிங்களத்தி கடையையும் சேர்த்தே சொன்னேன். படுத்தபடியே கூரையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு, "அந்தப் பொம்மனாட்டி நன்னா இருக்கட்டும். பசிச்சவளுக்குச் சோறு போட்டாளே" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "உங்கப்பா எனக்கு ஏதாவது எடுத்து வெச்சாரோ என்னமோ. ஊட்டுப்புரையில இலை எடுக்கறவாளுக்குன்னா அது தெரியும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் தைலம் தேய்க்கிற சாக்கில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று இரவு உன் அத்திம்பேரிடம் எல்லாக் கதையும் சொன்னேன். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பேசுகிற மனுஷர், "கொள்ளாமே, நன்னாயிருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்று காலை அவர் சாப்பிட்டு எழுந்து கச்சேரிக்குப் புறப்பட்டார். நான் இலையை எடுக்கப் போனேன். ஓரத்தில் அரை அப்பளம் இருந்தது. பதினாறு வருஷத்தில் அந்த இலையில் நான் எதையும் பார்த்ததில்லை. பதறிப்போய் வாசலுக்கு ஓடி, "அப்பளத்தை வெச்சுட்டுப் போறேளே, வயிறு சரியில்லையா?" என்று தெருவே கேட்கக் கேட்டுவிட்டேன்.

அவர் குடையை விரித்துக்கொண்டு, எதிர்வீட்டைப் பார்த்தபடி, "உனக்குத்தாண்டி" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டார்.

திரும்பி வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அப்பளத்தின் ஒரு மூலையில் ஒரு சின்னக் கடி இருந்தது. மனுஷர் எவ்வளவு பாடுபட்டு அதோடு நிறுத்தியிருப்பார்! ஆறி நமுத்துப் போயிருந்தது. அவ்வளவையும் சாப்பிட்டேன், விஜயம்.

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். அப்பளம் ஆறு கட்டு தனியாக வருகிறது. ஆட்டையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா
அனந்தலக்ஷ்மி